டிரோன் விழுந்ததும் கடல் சாய்ந்ததும்

கல்யாண வேலை பேச எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள், மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும் முன்னாலேயே கேட்கிற முதல் கேள்வி, “டிரோன் கீதா?” என்பதுதான். ஆல்பம் என்ன அளவு, எந்தக் கோயில், எந்த மண்டபம், இதெல்லாம் அதற்குப் பிறகுதான். டிரோன் இருக்கிறது என்று தெரிந்ததும் முகத்தில் ஒரு நிம்மதி வரும். பெண் வீட்டாருக்கு ஜாதகம் பொருந்தியபோதுகூட அப்படி ஒரு நிம்மதி வந்திருக்காது.

ராயபுரத்தில் இந்த ஸ்டூடியோவை நானும் என் அண்ணியும் சேர்ந்து நடத்துகிறோம். கீழே அண்ணன் வீடு, மாடியில் ஓர் அறை எங்களுக்கு. படம் பிடிப்பது, டிரோன் பறக்கவிடுவது, பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது என் வேலை. பேசுவது அண்ணியின் வேலை. அவள் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வண்டிச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். மண்டபத்தில் மைக் நின்றுபோனாலும், பந்தியில் இருக்கும் தாய்மாமனை எழுப்பி மேடைக்கு வரவழைத்துவிடுவாள்.

எங்கள் டிரோன் மடக்கினால் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கும். அதன் மூக்கில் ஒரு கேமரா. ஜிம்பல் என்று ஒரு குட்டிக் கை அந்தக் கேமராவைத் தாங்கிக்கொண்டிருக்கும். மேலே காற்றில் டிரோன் எப்படித் தள்ளாடினாலும், ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி டீயைச் சிந்தாமல் பிடித்திருக்கிற ஆளைப் போல, அந்தக் கை கேமராவை ஆடாமல் வைத்திருக்கும். டிரோனில் எது உடைந்தாலும் ஒட்டிக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். ஜிம்பல் போனால் எல்லாம் போனது மாதிரி. அதனால் டிரோன் எங்கே விழுந்தாலும் நாங்கள் முதலில் அதன் மூக்கைத்தான் பார்ப்போம், குழந்தை விழுந்தால் தாய் தலையைத் தடவிப் பார்ப்பதுபோல.

விழுவது எங்களுக்குப் புதிதல்ல. ஒருமுறை வண்ணாரப்பேட்டையில் ஒரு நிக்காஹ்வுக்கு, ஜிம்பலை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே சுவிட்சைப் போட்டுவிட்டேன். பாவம், உள்ளே கேமரா கழுத்தைத் திருப்பப் பார்க்கிறது, முடியவில்லை. மோட்டார் முக்குகிறது. திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. நான் வியர்த்துப்போய் நிற்க, அண்ணி கூட்டத்தைப் பார்த்து, “ஒரு நிமிசம், அதுக்குக் கண்ணு தெறக்கல” என்று சமாளித்தாள். இன்னொரு முறை, இறங்கி வந்த டிரோனைக் கையால் பிடிக்கிறேன் என்று போய் அண்ணியின் கொண்டையில் இறக்கிவிட்டேன். டிரோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொண்டைக்குள் கேமரா மாட்டிக்கொண்டதால் அண்ணிதான் அரைமணி நேரம் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. நான் முடி முடியாகப் பிரித்தேன். பறக்கும்போது அது அண்ணிக்குக் கண்ணு, ராஜா. விழுந்தால் சனியன்.

பறக்கவிட இடம் கிடைப்பதே எங்கள் பக்கத்தில் பெரிய பாடு. துறைமுகம் ஒரு பக்கம், ஆலைகள் ஒரு பக்கம். போனில் வரைபடத்தைத் திறந்தால் பாதி சிவப்பாக இருக்கும்; அங்கெல்லாம் டிரோன் கூடாது. மிச்சமிருக்கும் பச்சையைத் தேடித்தான் ஒவ்வொரு ஜோடியையும் கூட்டிக்கொண்டு போவோம். அப்படித்தான் அந்த ஜோடியையும் எண்ணூர் போகும் வழியில் ஒரு குப்பத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம்.

பெண், தண்டையார்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பகல் முழுக்க உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, மேலேயிருந்து படம் எடுப்பதில் பெரிய ஆர்வம் இல்லை. “மேலேர்ந்து பாத்தா மன்ஷன் மண்டதாங்க தெரியும்” என்றார். ஆனால் பெண்ணுக்கு ஆசை. அதற்காகவே நீலத்தில் ஒரு கவுன் வாடகைக்கு எடுத்திருந்தாள். பின்னால் ஆள் நீளத்துக்குத் துணி புரளும். மணலில் அழுக்காகாமல் அந்த வாலைத் தூக்கிக்கொண்டு வருவது அண்ணியின் வேலையாகிவிட்டது.

கடல் அரிப்பைத் தடுக்க அந்தக் கரை நெடுக நீரை நோக்கிக் கருங்கற்களைக் கொட்டி நீட்டியிருப்பார்கள். அதில் ஒன்றின் நுனியில் இருவரையும் நிற்கவைத்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அலை. டிரோன் அவர்கள் முகத்தருகே ஆரம்பித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, உயரப் போக வேண்டும். இருவரும் நீலப் புள்ளியும் கறுப்புப் புள்ளியுமாகச் சிறுத்துப்போக வேண்டும். கல்யாண வீடியோவில் பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் வைக்கிற படம் அது.

எனக்குப் பின்னால், மணலில் வலைகளை விரித்து நெத்திலி காயவைத்திருந்தார்கள். அதற்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை நான் பார்க்காமலில்லை. அவை தங்கள் வேலையைப் பார்க்கின்றன, நாம் நம் வேலையைப் பார்ப்போம் என்று நினைத்தேன். பருந்துகள் அப்படி நினைக்கவில்லை. தங்கள் நெத்திலிக்குப் பங்கு கேட்டு நாலு றெக்கையோடு புதிதாக ஒருத்தன் வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டன போலிருக்கிறது. டிரோன் பின்வாங்கிக் கரைக்கு மேலே வந்ததும், வட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து நேராக அதை நோக்கி வந்தது.

“ஏய், பருந்து! பருந்து வருதுமே!” என்று அண்ணி அலறினாள்.

பருந்து துரத்தினால் டிரோனை மேலே ஏற்ற வேண்டும். செங்குத்தாக ஏறுகிற வேகத்தில் பருந்தால் அதைப் பிடிக்க முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். வேறு இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் கை என்னைக் கேட்கவில்லை. கீழே இழுத்துவிட்டேன். கையிலிருந்த திரையில் வானம் வந்தது, கடல் வந்தது, மறுபடி வானம் வந்தது, பிறகு வெள்ளி வெள்ளியாக ஏதோ வந்தது. கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு நெத்திலியின் கண் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால், காய்கிற மீனுக்கு நடுவே டிரோன் குப்புறக் கிடந்து மிச்ச றெக்கைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. நெத்திலி நாலாபக்கமும் பறந்தது. நான் பதறிப்போய் அதை அணைப்பதற்குள், மீனுக்குக் காவலிருந்த அம்மாள் ஓடிவந்து ஒரு பெரிய கூடையை அதன்மேல் கவிழ்த்தார். கூடைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தும்விட்டார். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை.

நாங்கள் நாலு பேரும் ஓடிப்போய் எதிரே நின்றோம்.

“யார்து இது?”

“எங்களுதுதான்க்கா” என்றாள் அண்ணி.

“நெத்திலி யார்து?”

“உன்னுதுதான்க்கா.”

“தெர்தில்ல? அப்ப குந்து.”

எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு விளக்கினார். “இதோட றெக்க ஒட்ஞ்சி கீது. அந்தத் துண்டு அல்லாம் என் மீன்ல பூந்து கீது. நாளைக்கு ஒருத்தி வாங்கிம்போயி கொயம்பு வச்சி, அவ புருசன் தொண்டைல மாட்டிகினா யாரக் கேப்பா? உங்களியா கேப்பா? என்னத்தான் கேப்பா. பொறுக்கிக் குட்த்துட்டு உங்க குருவிய இட்டுகினு போங்க.”

அவர் சொன்னது நியாயம்தான். நான் உட்கார்ந்தேன், அண்ணி உட்கார்ந்தாள். பெண் கவுனின் வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சட்டென்று உட்கார்ந்து மீனைக் கிளற ஆரம்பித்தாள். மாப்பிள்ளை மட்டும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தள்ளி நின்றார்.

“தொர, உனுக்குத் தனியா சொல்லணுமா? கோட்டக் கயட்டிட்டு வா” என்றார் அந்த அம்மாள்.

“இல்லக்கா, எனக்குக் கருவாட்டு வாசன ஒத்துக்காது.”

பெண்ணின் கை நின்றது. மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். “இன்னாது?”

“சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான்.”

“எங்க வூட்ல வாரத்துல பாதி நாளு கருவாடுதான். அத்த ஏன் இத்தினி நாளா சொல்லல?”

“நீ கேக்கல.”

கல்யாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. டிரோன் விழுந்ததைவிட இது பெரிய விபத்தாகிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அண்ணி குறுக்கே புகுந்தாள். “இதெல்லாம் ஒரு மேட்டரா? எங்க வூட்டுக்காரரு மொதல்ல ரசமே தொட மாட்டாரு. இப்ப டம்ளர்ல ஊத்திக் குடிக்கறாரு. கல்யாணத்துக்கு அப்பால மூக்கு தானா சரியாப் பூடும்.” மாப்பிள்ளை என்ன நினைத்தாரோ, கோட்டைக் கழற்றிப் படகின் மேல் போட்டுவிட்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே வந்து பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அகப்பட்டது ஒரே ஒரு துண்டு. அதை எடுத்துப் பெண்ணிடம்தான் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

மிச்சத்தையெல்லாம் கண்டுபிடித்தவள் அவள்தான். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழகிய கண். கிடைத்த துண்டுகளை மணலில் வரிசையாக வைத்து றெக்கை முழுதாகச் சேர்ந்துவிட்டதென்று காட்டிய பிறகுதான் அந்த அம்மாள் கூடையைத் தூக்கினார்.

“இது இனிமே பறக்குமா?” என்று அவரே கேட்டார். கோபமெல்லாம் போய், இப்போது ஆர்வம்.

“பாக்கணும்க்கா.”

“டாக்டரு மாரி பேசறியே. இங்கியே பாரு, நானும் பாக்கறேன்.” ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டார்.

அதன்மேல் டிரோனை வைத்து நான் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பேட்டரியைக் கழற்றினேன். மணலோடு சுவிட்சைப் போட்டால் மோட்டார் அரைபட்டுவிடும். ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி மூலைமுடுக்கெல்லாம் காற்றடித்தேன். உடம்பில் கீறல் மட்டும்தான். நாலு கைகளும் சரியாக மடங்கின. உடைந்த றெக்கைக்குப் பதிலாகப் பையிலிருந்த புதியதை மாட்டினேன். கடைசியாக மூக்கு. கேமராவை விரல் நுனியால் மெல்ல மேலும் கீழும் அசைத்தேன். பிடிப்பில்லாமல் போக வேண்டும். போகவில்லை, பாதியில் எதுவோ தடுத்தது. கைவிளக்கடித்துப் பார்த்தால், கேமராவுக்குப் பின்னால் ஒரு நெத்திலித் தலை வசதியாக உட்கார்ந்திருந்தது. அண்ணி கொண்டை ஊசி கொடுத்தாள். எடுத்துப் போட்டேன். பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த பூனை அதைக் கவ்விக்கொண்டு போனது.

ஜிம்பலைத் தாங்கி நாலு மூலையிலும் மிளகு அளவில் ரப்பர் பொட்டுகள் இருக்கும். அதிர்வு கேமராவுக்குப் போகாமல் தடுப்பவை அவைதான். ஒன்றைக் காணோம். மணலில் தேடிப் பயனில்லை. மாத்திரை டப்பாவில் உபரியாக வைத்திருந்த ஒன்றை எடுத்து இடுக்கியால் மாட்டினேன். உள்ளே போகும் நாடா போன்ற ஒயர் கிழியாமலிருந்தது. லென்ஸில் கீறல் இல்லை. பேட்டரியைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினேன்.

சுவிட்சைப் போட்டதும் நல்ல ஜிம்பல் ஒரு சின்னக் கும்பிடு போடும். தலையைக் குனிந்து நிமிர்த்தி, இடது வலது பார்த்து, நேராக நிற்கும். எங்களுடையதும் குனிந்தது, நிமிர்ந்தது, ஜுரம் வந்ததுபோல் ஒருதரம் நடுங்கியது, பிறகு நின்றது. திரையில் படம் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த அம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “கடலு ஏன் சாஞ்சி கீது?”

சாய்ந்துதான் இருந்தது. வானமும் கடலும் சேருகிற கோடு இடது பக்கம் பள்ளமாகவும் வலது பக்கம் மேடாகவும் ஓடியது. மொத்த வங்கக் கடலும் எண்ணூர் பக்கம் வழிந்துவிடும் போலிருந்தது.

“அலை அப்டி அடிக்குதுக்கா” என்றாள் அண்ணி.

“எனுக்கே கடலு காட்றியா?” என்றார் அவர். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது கைநிறைய நெத்திலியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பெண்ணிடம் கொடுத்தார். மாப்பிள்ளை தன் பைக்கில் வைக்க மாட்டேன் என்றதால் அது எங்களோடு ஆட்டோவில் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் உண்மையான தலைவலி ஆரம்பித்தது. படம் சாய்ந்தால் அதைச் சரிசெய்ய டிரோனிலேயே வழி இருக்கிறது. மட்டமான இடத்தில் வைத்து, போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். ஸ்டூடியோ மேஜையில் வைத்து அழுத்தினேன். கும்பிடு போட்டது, நடுங்கியது, முடிந்தது என்றது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியைப் பார்த்தால், இப்போது இன்னும் அதிகமாகச் சாய்ந்திருந்தது. தரையில் வைத்துப் பார்த்தேன். சாய்வு மறுபக்கம் போனது. கட்டிலில் வைத்தேன், அடுப்பு மேடையில் வைத்தேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு சாய்வு. கம்பெனிக்கு அனுப்பினால் கல்யாணம் முடிந்து, அவர்களுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் திரும்பி வரும். வாடகைக்கு எடுக்கலாமென்றால் முகூர்த்த நாள், எல்லா டிரோனும் போய்விட்டது.

அண்ணிதான் முதலில் சந்தேகப்பட்டாள். சமையலறையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, உருண்டு கீழே விழுந்தது. தரையில் வைத்தாள். வாசல் பக்கம் உருண்டு, படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டது.

“எலுமிச்சம்பயம் சாயுதா, இல்ல வூடே சாயுதா?” என்றாள் அண்ணி. நாங்கள் இருவரும் வீடு முழுக்க எலுமிச்சம்பழத்தோடு சுற்றினோம். பழம் நிற்கிற இடம் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷமாக எப்படித்தான் இந்த வீட்டில் நேராக நடந்தோமோ தெரியவில்லை.

அண்ணன் வேலையிலிருந்து வந்து, கையில் பழத்தோடு மண்டியிட்டிருந்த எங்களைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னதும், “மட்டமான எடம்தான வோணும்? எங்க கிளப்பு கேரம் போர்டு கீதே. அதவிட மட்டமான எடம் மெட்ராஸ்லியே கெடையாது” என்றான். அவனுக்கு அந்தக் கேரம் கிளப்தான் பிறந்த வீடு. எனக்கும் அவன் சொன்னது சரியென்று பட்டது. போர்டு ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் காய் திசை மாறிவிடும், ரெட்டைப் போட்டவன் அதைச் சேர்க்க அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காய் தப்பிவிடும் என்று அங்கே அடிதடி வரைக்கும் போனதுண்டு.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் டிரோனைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனோம். பழைய குடோன் ஒன்றின் பாதி அது. நாலு போர்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்கும் விளக்கு. நடு போர்டில் ஒரு பெண் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். மாநிலப் போட்டியில் ஆடுகிறவள். அண்ணன் குழைந்துகொண்டே போய்க் கேட்டான். அவள் தலையைத் தூக்காமலே ஒரு காயைக் குழியில் போட்டுவிட்டு, “இன்னா, ஏரோப்ளேன் எறக்கணுமா இதுல?” என்றாள்.

“எறக்க வேணாம்மா. சும்மா வச்சி எடுத்துடுவோம்” என்றேன்.

“எண்ண கீதா அதுல?”

“இல்ல.”

“தண்ணி?”

“இல்ல.”

குனிந்து டிரோனை முகர்ந்து பார்த்தாள். “கருவாட்டு வாசன வருது.”

“அது வேற கத” என்றாள் அண்ணி. கதையைச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டாள். கூடைமேல் அந்த அம்மாள் கையை ஊன்றிய இடம் வரும்போது கிளப்பிலிருந்த எல்லோரும் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளையின் மூக்கு வந்தபோது கேரம் ஆடிக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். காய்களை ஒதுக்கி, போர்டின் நடுவில் இடம் விட்டாள். “பவுடர மட்டும் கலைக்காத” என்றாள். அப்போதுதான் புதிதாகத் தூவியிருந்த போரிக் பவுடர், மாவுபோல மின்னிக்கொண்டிருந்தது.

பூப்போல டிரோனை வைத்தேன். அண்ணன் மின்விசிறியை அணைத்தான். பொத்தானை அழுத்தினேன். கேமரா குனிந்தது, நிமிர்ந்தது, இடது பார்த்தது, வலது பார்த்தது. கடைசி ஆட்டத்தில் கடைசிக் காயைப் பார்ப்பதுபோல் ஒருவரும் மூச்சு விடவில்லை. ‘முடிந்தது’ என்று வந்தது. எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரையில் பார்த்தேன். முன்பைவிட எவ்வளவோ தேவலை, ஆனாலும் ஒரு நூல் சாய்ந்திருந்தது.

“காலண்டர்தான் கோணலா மாட்டி கீது” என்றார் ஒருவர்.

“காலண்டரு ஒயுங்காத்தான் கீது, நான்தான் மாட்னேன்” என்றார் இன்னொருவர். அதற்கு இரண்டு கட்சி சேர்ந்துவிட்டது. சத்தம் ஏறியது. அண்ணன் என் கையிலிருந்த ரிமோட்டை, “குடு, நான் பாக்கறேன்” என்று வாங்கினான். அவன் எதை அழுத்தினான் என்று இன்றுவரை அவனுக்கும் தெரியாது.

நாலு றெக்கையும் ஒரே நேரத்தில் சுழன்றன.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. போர்டிலிருந்த பவுடர் அத்தனையும் ஒரே மேகமாக எழும்பியது. அந்த வெள்ளைக்குள்ளே டிரோன் எங்கேயோ மேலே போகிற சத்தம், தொங்கும் விளக்கில் ‘டங்’கென்று முட்டுகிற சத்தம், பிறகு போர்டில் விழுகிற சத்தம். ஒரு காய் உருண்டு குழியில் விழுகிற சத்தமும் கேட்டது. மேகம் இறங்கியபோது, இட்லி மாவில் முக்கி எடுத்ததுபோல் எல்லோரும் நின்றிருந்தோம். கண்கள் மட்டும் கறுப்பு.

அந்தப் பெண் முகத்தைத் துடைக்கவே இல்லை. என் அண்ணனைப் பார்த்து, “அண்ணா, ரெட்டு உள்ள பூட்ச்சி. ஆனா ஃபாலோ போடல” என்றாள்.

சிரித்துச் சிரித்து அண்ணிக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் கை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. பேட்டரியைக் கழற்று. காற்றடி. இந்த முறை மணல் இல்லை, பவுடர். அது மணலைவிட மோசம், எல்லா இடுக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன். றெக்கைகள் பிழைத்திருந்தன. மூக்கைப் பார்த்தேன். கடற்கரையில் நான் மாட்டிய புது ரப்பர் பொட்டு ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. அது முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றிருக்கிறது. வெளியே பார்க்கச் சரியாகத்தான் தெரிந்திருந்தது. இப்போது முட்டிய முட்டில் தன்னைக் காட்டிக்கொண்டுவிட்டது. கடலைச் சாய்த்ததும் கும்பிடும்போது நடுங்கவைத்ததும் அந்த மிளகுதான்.

இடுக்கியால் இழுத்து, இந்த முறை ‘டப்’பென்று உட்காரும்வரை அழுத்தினேன். போர்டைத் துடைத்துக் கொடுத்தார்கள். ரிமோட்டை அண்ணனுக்கு எட்டாத இடத்தில், அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு மறுபடி போனிலிருந்த பொத்தானை அழுத்தினேன். கேமரா குனிந்தது, நிமிர்ந்தது. நடுக்கம் இல்லை. காலண்டர் நேராக இருந்தது.

“சொன்னேன்ல, நான்தான் மாட்னேன்” என்றார் காலண்டர்காரர்.

எதனால் சரியாயிற்று என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒத்துப்போகவில்லை. போர்டின் மட்டத்தால்தான் என்பது கேரம் பெண்ணின் கட்சி. தான் அழுத்திய அழுத்தில்தான் என்று அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறான். எப்படியோ, வெள்ளிக்கிழமை வெயிலில், வரைபடத்தில் பச்சையாக இருக்கும் ஒரு கடற்கரை மைதானத்துக்குப் போய்ப் பறக்கவிட்டுப் பார்த்தேன். கடல் அதனுடைய இடத்தில், கயிறு கட்டினதுபோல் கிடந்தது. டிரோனை ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன், வேகமாகத் திருப்பிப் பார்த்தேன், பிறகு வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் போட்டு, படம் எங்கேயாவது கூழ்போல் அதிர்கிறதா என்றும் பார்த்தேன். எதுவும் இல்லை.

ஞாயிறு காலை, மாதா கோயில் பூசை முடிந்து மணமக்கள் வாசலுக்கு வந்தார்கள். பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. வரவேற்பு எதிரிலிருந்த மைதானத்தில்; அதற்கு மேலே டிரோனை ஏற்றினேன். மூடியைக் கழற்றிவிட்டேனா என்று அண்ணி மூன்றுதரம் கேட்டாள். வெயிலில் திரை தெரியாதென்று என் தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டாள். டிரோன் சோக்காக ஏறியது. காற்று கொஞ்சம் இருந்தது, படம் அசையவில்லை. மணமக்கள் நடந்து வர, இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் பூத் தூவ, பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் வைக்கத் தோதாக ஒரு படம் கிடைத்துவிட்டதென்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து நிதானமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் படம் முழுவதிலும் ஒருவர்கூட மணமக்களைப் பார்க்கவில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அண்ணாந்து டிரோனைப் பார்க்கிறார்கள். பாண்டுக்காரர் வாத்தியத்தில் வாயை வைத்தபடி மேலே பார்க்கிறார். பூசை வைத்த சாமியார் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்க்கிறார். கிரேனிலிருந்து மனிதன் மண்டைதான் தெரியும் என்ற மாப்பிள்ளையே வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார். பெண் அவர் கையைப் பிடித்தபடி கேமராவுக்கு டாட்டா காட்டுகிறாள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை. அதற்கடியில் நாலு கால்கள் மட்டும் தெரிகின்றன. அவ்வளவு கூட்டத்தில் வானத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டிருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

“இத்தத் தூக்கிடலாமா?” என்று அண்ணியைக் கேட்டேன்.

“ஏன்? அல்லார் மூஞ்சியும் எவ்ளோ சோக்கா வுழுந்துகீது பாரு” என்றாள்.

பாட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் அதையேதான் வைத்தேன்.